ஹேண்டில்பார் உயரம்: ‘பழகிவிடும்’ என்னும் வாதத்துக்கு ஒரு மறுப்பு

சைக்கிள் ஓட்டுகிறவரின் உடம்பை மூன்று இடங்கள் தாங்குகின்றன: இடுப்பைச் சீட், பாதத்தைப் பெடல், உள்ளங்கையை ஹேண்டில்பார். இவற்றில் பெடல் இருக்கும் இடத்தை மாற்ற முடியாது. சீட்டும் ஹேண்டில்பாரும் ஏற்றி இறக்கத் தோதாகவே செய்யப்பட்டவை. சீட்டை ஏற்றி இறக்குவது ஊரறிந்த வேலை. ஹேண்டில்பாரையோ, கடைக்காரர் முதல் நாள் முடுக்கிய இடத்திலேயே சைக்கிளின் ஆயுள் முழுக்க விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. நான்கு பேச்சுகள் இந்த வழக்கத்துக்கு முட்டுக்கொடுக்கின்றன. ‘கம்பெனிக்காரன் வைத்த உயரம், அதில் கை வைக்கக் கூடாது.’ ‘ஓட்ட ஓட்டப் பழகிவிடும்.’ ‘அளவு பார்ப்பதெல்லாம் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு.’ ‘மேலே தூக்கினால் கழன்று கையோடு வந்துவிடும்.’ முதல் மூன்றும் முழுத் தவறு. நான்காவதில் ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவு தவறு.

இந்தத் தவற்றின் பாரம் விழுவது பண்டசோழநல்லூர் போன்ற ஊர்களின் மேல். புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த இந்தப் பகுதி மேடுபள்ளமற்ற வயல்வெளி. நெல்லுக்கும் கரும்புக்கும் நடுவே சாலைகள் போகின்றன. நெட்டப்பாக்கம், மடுகரை, கரியமாணிக்கம், ஏம்பலம் எல்லாம் மிதித்தே போய்வரக்கூடிய தொலைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 45 விழுக்காட்டு வீடுகளில் சைக்கிள் இருந்தது. வீட்டில் வேறு வண்டி இல்லாதவருக்கும், வண்டி ஓட்டும் வயது வராத பிள்ளைக்கும், வயலுக்குப் போய்வரும் பெரியவருக்கும் அதுதான் வாகனம். உள்ளங்கை மரத்துப்போவதையும் முழங்கால் வலியையும் ‘சைக்கிள் என்றால் அப்படித்தான்’ என்று ஏற்றுக்கொள்கிறவர்களும் இவர்களே. அந்த வலியில் பெரும்பகுதி தேவையே இல்லாதது. ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் இருந்தால் போதும்.

கம்பெனி வைத்த உயரம் என்று ஒன்று இல்லை

ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்தால் முதல் வாதம் அங்கேயே விழுந்துவிடும். சுமார் ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் குழாய் அது. பெரும்பாலான சைக்கிள்களில் அதன் வெளிவிட்டம் 22.2 மி.மீ. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்குழாய்க்குள் இது செருகப்படுகிறது. தண்டின் உள்ளே மேலிருந்து கீழ்வரை ஒரு நீண்ட போல்ட் போகும். அதன் கீழ்முனையில் சாய்வாக வெட்டிய ஓர் ஆப்பு மரையில் பூட்டியிருக்கும். மேலே போல்ட்டை முடுக்கினால் ஆப்பு மேல்நோக்கி இழுபட்டு, பக்கவாட்டில் ஒதுங்கி, ஃபோர்க் குழாயின் உள்சுவரை அழுத்திப் பிடிக்கும். சில மாடல்களில் தண்டின் அடியில் கீறல் விட்டிருப்பார்கள். கூம்பு வடிவத் துண்டு மேலேறும்போது அந்தக் கீறல் விரிந்து இறுகும். பிடிமானம் முழுக்க இந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. பற்றவைப்போ ஆணியோ கிடையாது. இந்த உயரத்தில்தான் நிற்க வேண்டும் என்று சொல்லும் பள்ளமோ துளையோ தண்டில் இல்லை.

ஏற்றி இறக்கத் தேவையில்லை என்று கருதியிருந்தால் தயாரிப்பாளர் தண்டையும் ஃபோர்க்கையும் ஒன்றாகவே பற்றவைத்திருப்பார். ஆப்பும் நீள போல்ட்டும் வைத்துச் செய்ததற்கு முக்கியக் காரணம், ஓட்டுகிறவருக்கு ஏற்ப உயரம் மாற வேண்டும் என்பதே. லூதியானாவின் ஹீரோ, 1949இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. நிறுவனத்தின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய கறுப்புச் சைக்கிள்கள் எல்லாம் இந்த ஏற்பாட்டோடு வந்தவைதான்.

கம்பெனி வைத்ததாகச் சொல்லப்படும் உயரம் உண்மையில் யாரும் அளந்து வைத்ததல்ல. பாதி கழற்றிய நிலையில் வந்திறங்கும் சைக்கிளைக் கடையில் பூட்டும்போது, ஹேண்டில்பாரைச் செருகி, சக்கரத்துக்கு நேராகத் திருப்பி, கைக்கு வந்த இடத்தில் முடுக்கிவிடுகிறார்கள். எடுத்துப்போகிறவர் யார், அவர் உயரம் என்ன என்பது அந்த நேரத்தில் தெரிவதே இல்லை. அவசரத்தில் நின்ற இடம் அது. அதற்குக் கம்பெனியின் முத்திரையைக் குத்திக் காப்பாற்றுவதில் பொருளில்லை.

சீட்டை மட்டும் ஏற்றினால் போதும் என்பது ஏன் நடப்பதில்லை

ஹேண்டில்பாரைத் தொடாத வழக்கத்தின் பெரிய கேடு கையில் தெரிவதைவிட முழங்காலில்தான் தெரிகிறது. இந்தத் தொடர்பைக் கவனிக்காததால்தான் ‘சீட்டைச் சரிசெய்தால் போதும்’ என்ற பேச்சு நியாயம்போல் தோன்றுகிறது.

சீட் உயரத்துக்கு ஆய்வில் தேறிய கணக்கு உண்டு. 1967இல் இங்கிலாந்தில் ஹேம்லி, தாமஸ் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனையில், கால் உட்புற நீளத்தில் 109 விழுக்காடு அளவுக்கு, கீழ்நிலையில் இருக்கும் பெடலிலிருந்து சீட்டின் மேற்பரப்பு இருந்தால் மிதிப்பின் பலன் கூடுவதாகக் கண்டார்கள். பின்வந்த மருத்துவர்கள், பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும் என்றார்கள். அளவுநாடா இல்லாதவருக்கும் வழி உண்டு. சீட்டில் உட்கார்ந்து, கீழ்நிலையில் உள்ள பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே தேவையான அளவுக்கு மடங்கும்.

ஊரில் நடப்பது வேறு. உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும் என்று சீட்டை இறக்குகிறார்கள். கால் உட்புற நீளம் 70 செ.மீ. உள்ள ஒரு மாணவிக்குப் பெடலிலிருந்து சீட் சுமார் 76 செ.மீ. இருக்க வேண்டும். பாதம் முழுதாகத் தரையில் படியும்படி இறக்கினால் இதில் 10 செ.மீ.க்கும் மேல் குறைந்துபோகும். ஒவ்வொரு மிதிப்பிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முழங்கால் சில்லு தொடை எலும்போடு அழுந்தும். முழங்காலின் முன்பக்கத்தில் வரும் வலிக்கு இது ஒரு முக்கியக் காரணம். பெரிய தசைகள் நீளவே இடமில்லாததால் அதே தூரத்துக்குக் கூடுதல் களைப்பும் வரும்.

இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் சீட்டைச் சரியான உயரத்துக்கு ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டில்பார் பழைய இடத்திலேயே நிற்கிறது. சீட் 10 செ.மீ. ஏறினாலே, சீட்டைப் பொறுத்தவரை அது 10 செ.மீ. இறங்கியதாக ஆகிவிடும். அதோடு முடியவில்லை. சீட்டைத் தாங்கும் குழாய் பின்புறம் சாய்ந்திருப்பதால், 10 செ.மீ. ஏறும் சீட் சுமார் 3 செ.மீ. பின்னாலும் போகும். ஆக ஹேண்டில்பார் தாழ்வாகவும் தூரமாகவும் ஆகிறது. உடம்பு முன்னால் குனிகிறது, பாரம் உள்ளங்கையில் இறங்குகிறது, சாலையைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘சீட்டை ஏற்றினால் ஓட்டவே முடியவில்லை’ என்று அவர் மறுபடியும் இறக்கிவிடுகிறார். சீட் சரியான இடத்துக்குத்தான் போயிருந்தது. கூடவே ஏறியிருக்க வேண்டிய ஹேண்டில்பார் ஏறவில்லை. ஆகவே ஹேண்டில்பார் உயரம் சீட் உயரத்தோடு பிறந்த வேலை. அதை ஒதுக்கிவைத்தால் சீட்டும் சரியான இடத்தில் நிற்காது.

பழகுவது எது, பழகாதது எது

‘பழகிவிடும்’ என்பதுதான் நான்கு வாதங்களில் வலுவானது. அதற்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. வாடகைச் சைக்கிள் எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறை அதைச் சொல்கிறது. அந்தப் பழக்கம் தமிழில் ஒரு திரைப்படத்துக்கே பெயராகும் அளவுக்கு நினைவில் ஊன்றியது. 2024இல் வெளிவந்த ‘குரங்கு பெடல்’ படம் சைக்கிள் கற்க ஏங்கும் சிறுவனின் கதை. புதுக்கோட்டை மாவட்டத்தின் சான்றும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து அங்கே பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பலரும் ஓட்டினார்கள். அளவு பார்த்தா அவர்கள் ஓட்டினார்கள் என்று கேட்கப்படுகிறது.

அந்தப் பெண்களின் சாதனை எவ்வளவு பெரிதோ, அதை இந்த வாதத்துக்குச் சான்றாக்குவது அவ்வளவு தவறு. அவர்கள் வென்றது ஊர்க்கண்ணையும் வீட்டுத் தடையையும் வசதியின்மையையும். பொருந்தாத சைக்கிளிலும் ஓட்டிக் காட்டினார்கள் என்பது அவர்களுடைய துணிவைச் சொல்கிறது. பொருந்தாத சைக்கிள் நல்லது என்று அது சொல்லவில்லை. குரங்குப் பெடலும் அப்படியே. சிறுவனுக்கு ஏற்ற சைக்கிள் கிடைக்காத காலத்தில், தன் உடம்பை வளைத்து அவன் கண்டுபிடித்த வழி அது. கால் எட்டியதும் அவனே அதைக் கைவிட்டான். கற்றுக்கொள்வது சில நாள் வேலை, தினமும் பள்ளிக்கும் வேலைக்கும் போவது ஆண்டுக்கணக்கான வேலை. முன்னதில் தாங்கக்கூடியதைப் பின்னதிலும் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று விதியில்லை.

உடம்பில் எது பழகும் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தசை பழகும், மூச்சு பழகும், சீட்டில் உட்காரும் இடத்துத் தோலும் கொஞ்சம் பழகும். நரம்பு அழுத்தத்துக்குப் பழகுவதில்லை. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பக்கத்துக்கும் போகும் அல்னார் நரம்பு, உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கமாக, மெல்லிய தசைக்கு அடியில் போகிறது. தாழ்ந்த ஹேண்டில்பாரில் மேலுடம்பின் பாரம் இறங்குவது அதே இடத்தில்தான். முதலில் விரல் மரத்துப்போகும், பிறகு ஊசி குத்துவதுபோல் இருக்கும். நாள்பட்டால் விரலின் பிடிவலுவே குறையும். சைக்கிள் ஓட்டுகிறவர்களின் கையில் வரும் இந்தக் கோளாறு மருத்துவ உலகுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெரியும். கையை உதறினால் சரியாகிறது என்பதைப் பழகியதன் அடையாளமாகக் கொள்ள முடியாது. உதறும்போது அழுத்தம் விலகுகிறது, அவ்வளவுதான்.

வளரும் பிள்ளைகள் விஷயத்தில் இந்த வாதம் இன்னும் பலவீனமானது. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பெரிய சைக்கிளை வாங்கித் தருகிறார்கள். பதின்வயதின் வளர்ச்சி உச்சத்தில் ஒரு பிள்ளை ஒரே ஆண்டில் 7, 8 செ.மீ. வளரலாம். காலும் கையும் முதுகும் ஒரே வேகத்தில் வளர்வதும் இல்லை. ஜூனில் பொருந்திய உயரம் அடுத்த ஜூனில் பொருந்தாது. பிள்ளை வளர வளரச் சீட் ஏற வேண்டும், அதோடு ஹேண்டில்பாரும் ஏற வேண்டும். வளர்ச்சியைக் காரணம் காட்டி ஹேண்டில்பாரைத் தொடாமல் விடுவது தலைகீழ் நியாயம். வளர்கிறார்கள் என்பதே அதை அடிக்கடி தொட வேண்டியதற்குக் காரணம்.

பந்தயக்காரருக்கு மட்டுமா?

சைக்கிள் பந்தயத்தில் மில்லிமீட்டர் கணக்கில் அளவு பார்ப்பது உண்மை. அதனால் அளவு பார்ப்பது பந்தயக்காரருக்கு மட்டுமே உரியது என்று ஆகிவிடாது. பந்தயக்காரர் ஹேண்டில்பாரைத் தாழ்த்துவது காற்றுக்காக. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 30 கி.மீ. வேகத்தில் அது நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்கு. ஆகவே அவர் குனிகிறார். கையுறை போட்டுக்கொள்கிறார், வளைந்த ஹேண்டில்பாரில் கை வைக்க மூன்று நான்கு இடம் வைத்திருக்கிறார், முதுகையும் வயிற்றையும் பயிற்சியால் இறுக்கி வைத்திருக்கிறார்.

பண்டசோழநல்லூரிலிருந்து கரியமாணிக்கத்துக்குப் போகும் ஒருவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. மணிக்கு 12, 15 கி.மீ. வேகத்தில் குனிவதால் அவருக்குப் பெரிய லாபமும் இல்லை. கேரியரில் புல்லுக்கட்டோ பால்கேனோ இருக்கும், மாணவியின் முதுகில் புத்தகப்பை இருக்கும். அந்தப் பையின் பாரமும் குனிந்த உடம்பு வழியாக உள்ளங்கைக்கே வந்து சேரும். சாதாரணச் சைக்கிளின் ஹேண்டில்பாரில் கை வைக்க ஒரே இடம்தான் உண்டு. அந்த ஒரே இடம் தவறாக இருந்தால் தப்பிக்க வழியில்லை. இடம் மாற்றிப் பிடிக்க வசதி உள்ளவருக்கு அளவு முக்கியம் என்றால், அந்த வசதியும் இல்லாதவருக்கு அது அதைவிட முக்கியம்.

கழன்றுவிடும் என்ற அச்சம்

நான்காவது வாதத்தில் உண்மை இருக்கிறது. தண்டை அளவுக்கு மீறி வெளியே இழுத்தால் ஆபத்துதான். அதற்காகவே தண்டில் ஒரு கோடு பொறிக்கப்படுகிறது. அந்தக் கோடு வெளியே தெரியாதபடி தண்டு உள்ளே இருக்க வேண்டும். சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4210, தண்டின் அடியிலிருந்து அதன் விட்டத்தைப்போல் குறைந்தது இரண்டரை மடங்கு தூரத்தில் இந்தக் கோடு இருக்க வேண்டும் என்கிறது. 22.2 மி.மீ. தண்டுக்கு இது 55.5 மி.மீ. காரணமும் நியாயமானது. ஃபோர்க் குழாயின் மேற்பகுதியில் வெளியே மரை வெட்டியிருப்பதால் அங்கே சுவர் மெல்லியது. ஆப்பு அந்த இடத்தில் விரிந்தால் குழாய் விரிசல் விடலாம். ஆப்பு கீழே, கெட்டியான பகுதியில்தான் பிடிக்க வேண்டும். கோடு அழிந்துபோன பழைய தண்டானால், அதைக் கழற்றி, அடியிலிருந்து 6, 7 செ.மீ. அளந்து பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளலாம்.

ஆக, எல்லை எங்கே என்பது பொறித்தே தரப்பட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் ஏற்றுவதில் ஆபத்து இல்லை. ஆண்டுக்கணக்கில் தொடாமல் விடுவதில்தான் ஆபத்து உண்டு. கடலுக்கு அருகில் உள்ள இந்தப் பகுதியில் காற்றில் ஈரம் அதிகம். வடகிழக்குப் பருவமழையில் நனையும் சைக்கிளில் தண்டைச் சுற்றி நீர் இறங்கி, இரும்போடு இரும்பு துருவால் ஒட்டிக்கொள்கிறது. பத்து ஆண்டு அசையாத தண்டை எடுக்கச் சுத்தியலும் மண்ணெண்ணெயும் போதாமல் ஃபோர்க்கையே மாற்ற நேர்கிறது. துரு உள்ளுக்குள் எவ்வளவு அரித்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, மெல்லக் கிரீஸ் தடவிப் பூட்டும் தண்டுதான் நம்பிக்கையானது.

வேலையும் எளிது. தண்டின் உச்சியில் உள்ள போல்ட்டை ஸ்பேனரால், சில மாடல்களில் 6 மி.மீ. ஆலன் கீயால், இரண்டு மூன்று சுற்று தளர்த்த வேண்டும். முழுதாகக் கழற்றினால் ஆப்பு ஃபோர்க்குக்குள் விழுந்துவிடும். போல்ட்டின் தலை மேலே எழும்பி நிற்கும். அதன்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினால் கீழே ஆப்பு விடுபடும். தட்டும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு விடுதல் கேட்கும், எழும்பிய தலை கீழே படியும். முன்சக்கரத்தை இரு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருகிக்கொண்டே மேலே இழுக்கலாம். தேவையான உயரம் வந்ததும் சக்கரத்துக்கு நேராக வைத்து முடுக்க வேண்டும். பிறகு மீண்டும் சக்கரத்தை முழங்காலில் இடுக்கி, ஹேண்டில்பாரை வலுவாகத் திருகிப் பார்க்க வேண்டும். அசைந்தால் இன்னும் முடுக்க வேண்டும். அசையாவிட்டால் பிடித்துவிட்டது.

கடைசியாக பிரேக். இதை மறந்துவிட்டு ஓட்டுவதுதான் உண்மையான விபத்துக் காரணம். கம்பி பிரேக் வைத்த பழைய மாடல்களில் பெரும்பாலும் ஹேண்டில்பாரும் தண்டும் ஒன்றாகவே இருக்கும். ஹேண்டில்பார் ஏறினால் பிரேக் கம்பியும் கூடவே ஏறி, பிரேக் கட்டை ரிம்மில் உரசும். கம்பியின் இணைப்பைத் தளர்த்தி மீண்டும் சரிபார்க்க வேண்டும். கேபிள் பிரேக் ஆனால், ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது கேபிள் விறைக்கக் கூடாது. விறைத்தால் நீளமான கேபிள் போட வேண்டும்.

புதிய மாடல்களில் ஆப்பு வைத்த தண்டுக்குப் பதிலாக, ஃபோர்க் குழாயையே வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் ஸ்டெம் வருகிறது. இதில் உயரத்தை முடிவுசெய்வது ஸ்டெமுக்குக் கீழும் மேலும் உள்ள வளையங்கள். மேலே உள்ள வளையத்தைக் கீழே போட்டால் ஸ்டெம் ஏறும். அவ்வளவும் கீழே வந்துவிட்டால், ஸ்டெமைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டோ, மேல்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் போட்டோதான் உயர்த்த முடியும். உச்சியில் உள்ள மூடி போல்ட்டை இறுக்கினால் ஹேண்டில்பார் பிடித்துக்கொள்ளும் என்று நினைப்பது தவறு. அது பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும். ஸ்டெமைப் பிடித்து நிறுத்துவது பக்கவாட்டு போல்ட்டுகள். ஆகவே மூடியை முதலில் மெதுவாக இறுக்கி ஆட்டம் எடுத்து, ஸ்டெமைச் சக்கரத்துக்கு நேராக்கி, பிறகு பக்க போல்ட்டுகளை முடுக்க வேண்டும்.

உயரே போகப் போக வசதியா?

ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது என்பதற்கு எதிர்முனையில் இன்னொரு பேச்சும் உண்டு: முதுகு வலித்தால் கோடு வரைக்கும் ஏற்றிவிட்டால் எல்லாம் தீரும் என்பது. இதுவும் தவறு. தண்டு நேர்செங்குத்தாக ஏறுவதில்லை. ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அதுவும் சாய்வாகவே ஏறும். சாய்வு 70 பாகை என்றால், 3 செ.மீ. இழுக்கும்போது ஹேண்டில்பார் ஏறத்தாழ 1 செ.மீ. ஓட்டுகிறவரை நோக்கி வருகிறது. அளவுக்கு மேல் ஏற்றினால் திரும்பும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கலாம். உடம்பு நட்டமாக நிமிர்வதால் பாரம் முழுக்க முதுகெலும்பின் அடிக்கு இறங்கி, குண்டுகுழியின் அதிர்ச்சி நேராக அங்கே ஏறும். கேரியரில் சுமை இருந்தால் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் நிலையில்லாமல் அலையும். பிற்பகலில் கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்றை எதிர்த்து வருகிறவருக்கு நிமிர்ந்த மார்பே சுமையாகும்.

உள்ளங்கை வலி எல்லாவற்றுக்கும் ஹேண்டில்பார் காரணமும் அல்ல. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கிக்கொண்டே இருக்கும், கை அதைத் தடுத்துக்கொண்டே இருக்கும். அப்போது சரிசெய்ய வேண்டியது சீட்டின் சாய்வை. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் சீட் உயரம், அடுத்து சீட்டின் மட்டம், அதன் பிறகே ஹேண்டில்பார்.

ஊர்ச் சாலையில் அன்றாடம் ஓட்டுகிறவர், கைப்பிடி சீட்டின் மட்டத்தில் அல்லது அதைவிட 3 முதல் 5 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி வைத்துத் தொடங்கலாம். கைப்பிடி ஓட்டுகிறவரை நோக்கி வளைந்துவரும் பழைய மாடல்களில் இன்னும் சற்று உயரமும் பொருந்தும். பிறகு உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும். விரல் மரத்து, கழுத்தின் பின்புறம் வலித்தால் ஹேண்டில்பார் தாழ்வு அல்லது தூரம். தோள் காதை நோக்கி ஏறியிருந்தாலும், முதுகின் அடியில் அதிர்ச்சி தெரிந்தாலும், முன்சக்கரம் அலைந்தாலும் அது உயரம். முழங்கை லேசாக மடங்கி, தோள் தளர்ந்து, ஒரு கையை எடுத்தாலும் உடம்பு முன்னால் சரியாமல் இருந்தால் பொருந்திவிட்டது. ஒரு தடவைக்கு 1 செ.மீ. மட்டும் மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்த்து, அடுத்ததைச் செய்ய வேண்டும். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

உயரத்தைப் பொருத்துவதும் சைக்கிள் தருவதில் அடக்கம்

தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம் பின்னர் மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. புதுச்சேரி அரசும் பள்ளி மாணவர்களுக்குச் சைக்கிள் தருகிறது. பள்ளி தூரம் என்ற காரணத்தைப் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு எதிராகச் சொல்ல முடியாமல் செய்ததில் இந்தத் திட்டங்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் மொத்தமாக வாங்கும் சைக்கிள் ஒரே அளவில் வருகிறது. ஒரே வகுப்பில் 140 செ.மீ. உயரமுள்ளவரும் இருக்கிறார், 170 செ.மீ. உயரமுள்ளவரும் இருக்கிறார். ஒரே ஃப்ரேமை இருவருக்கும் பொருத்தத் தயாரிப்பாளர் விட்டுவைத்த வழி சீட் தண்டும் ஹேண்டில்பார் தண்டும் மட்டுமே. அந்த இரண்டையும் யாருக்கு எந்த உயரம் என்று பார்க்காமல் ஒரே மட்டத்தில் முடுக்கிக் கொடுத்தால், பாதி வேலை செய்யாமல் விட்டதாக ஆகும்.

இதற்குப் புதிய நிதியோ புதிய கருவியோ வேண்டாம். சைக்கிள் வழங்கும் நாளில் உள்ளூர் சைக்கிள் கடைக்காரர்கள் இருவரைக் கூலி கொடுத்து அழைத்தால், ஒவ்வொரு மாணவரையும் உட்காரவைத்து இரண்டு தண்டுகளையும் சரிசெய்து அனுப்பலாம். உடற்கல்வி வகுப்பில் அரையாண்டுக்கு ஒருமுறை குதிகால் சோதனையும், தண்டின் கோடு தெரிகிறதா என்ற சோதனையும் பிரேக் சோதனையும் செய்யலாம். பள்ளியில் ஒரு ஸ்பேனர் செட், ஆலன் கீ, ஒரு டப்பா கிரீஸ் இருந்தால் போதும். பத்தாம் வகுப்பு மாணவிக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தால், அவர் அடுத்த ஆண்டு தன் சைக்கிளையும் தம்பியின் சைக்கிளையும் தானே சரிசெய்துகொள்வார். பெரியவர்களுக்குக் கடையே போதும். பஞ்சர் ஒட்ட வரும் ஒவ்வொருவரையும் ஒருமுறை சீட்டில் ஏற்றிப் பார்த்து உயரத்தைக் கேட்பதைக் கடைக்காரர்கள் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

வலியைப் பொறுத்துக்கொள்வது சைக்கிள் ஓட்டுவதற்கான தகுதியல்ல. தண்டில் ஒரு போல்ட் இருக்கிறது, அதைத் தளர்த்தி முடுக்கக் கருவி இருக்கிறது, எதுவரை ஏற்றலாம் என்று சொல்லக் கோடும் இருக்கிறது. இவ்வளவும் கையில் இருக்கும்போது ‘பழகிவிடும்’ என்று சொல்லிப் பிள்ளையையும் பெரியவரையும் அனுப்பிவைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.